அத்தான் உடைக்கப் போகும் பிளாட்பாரம்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குத் தானாகத் தோன்றியதல்ல. அக்கா போன் செய்து எழுதச் சொன்னாள்.

"டேய், உங்க அத்தான் திங்கட்கிழமை பிளாட்பாரத்தை உடைக்கிறாராம். மிஷினுக்குச் சொல்லியாச்சு."

"நீ சொல்லிப் பாரேன்."

"நான் சொன்னா நச்சரிப்பு. நீ எழுதினா உட்கார்ந்து கேட்பார்."

மூடிப்போன ரயில் நிலையம் ஒன்றைக் குத்தகைக்கு எடுத்து, இருவரும் மாட்டுத்தீவனக் கிடங்கு நடத்துகிறார்கள். லாரி தெருப்பக்கம்தான் நிற்கும். மூட்டைகள் ஆட்களின் முதுகில் படியேறி, டிக்கெட் அறை வழியாக உள்ளே போகும். பிளாட்பாரத்தை இடித்துச் சரிவு போட்டால் லாரியே கிடங்குக் கதவு வரை ஏறிவரும் என்பது அத்தானின் கணக்கு.

2

முதல் தொடக்கம்: 'மூடுபனியைக் கிழித்துக்கொண்டு ஒரு நீண்ட விசில்'

(அழித்துவிட்டேன். நான் பிறப்பதற்கு முன்பே ரயில் நின்றுவிட்டது. கேட்காத விசிலை எப்படி ஊதுவது?)

இரண்டாவது: 'அங்கே நேர்மையான ஸ்டேஷன் மாஸ்டர் ஒருவர் இருந்தார். அவருடைய மீசை'

வாசித்துக் காட்டினேன். அக்கா கேட்டாள்: "அப்படி ஒருத்தர் இருந்தாரா?"

"தெரியலை."

"அப்புறம் எதுக்கு அவரை வேலைக்கு வெச்சிருக்கே? அனுப்பிடு."

அனுப்பிவிட்டேன். மீசை மட்டும் பாதி வாக்கியத்தில் நிற்கிறது.

3

நிச்சயமாகத் தெரிந்தது இவ்வளவுதான். பாலும் தானியமும் ஏற்றிப்போக ரயில் வந்தது. பிறகு தார்ச்சாலை வந்தது. பால் லாரிக்கு மாறியது, ஆட்கள் பஸ்ஸுக்கு மாறினார்கள். தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். அடியில் கிடந்த கட்டைகள் வயல்களுக்கு வேலிக்கால் ஆயின. ஜல்லியை வீட்டு அஸ்திவாரத்துக்கென்று ஊரே வண்டி கட்டி அள்ளியது. அந்த ஊரில் பாதி வீடுகள் ரயில் பாதையின் மேல்தான் நிற்கின்றன என்று சொன்னால் பொய்யில்லை.

மிச்சம்: முழங்கைகள் தேய்த்துத் தேய்த்துக் குழிந்த டிக்கெட் ஜன்னல். கடிகாரம் இருந்த வட்டப் பொந்து.* இரும்புத் தூண்கள் தாங்கும் கூரை. அப்புறம் அந்தப் பிளாட்பாரம். விளிம்பில் ஒரு கல்கூட விலகவில்லை. எவ்வளவு மழை பெய்தாலும் தண்ணீர் தேங்காது, பாதைப் பக்கம் மெல்ல வழிந்துவிடும். யார் கட்டினார்களோ, தண்ணீருக்கும் வழி சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

* பொந்தில் புறா என்று எழுதியிருந்தேன். அணில் என்று அக்கா திருத்தினாள்.

4

நேற்று மழை. தெருப்பக்கம் ஒரே சேறு. லாரிக்காரர் யாரையும் கேட்காமல் பின்பக்கம் சுற்றி, தண்டவாளம் கிடந்த பள்ளத்தில் வண்டியை இறக்கிவிட்டார். அக்கா குடையை விட்டுவிட்டு ஓடினாள்.

"அண்ணே, அது பள்ளம்ணே. மாட்டிக்கும்."

"நீ கத்தாதேம்மா, இந்த மேட்டை ஒட்டி நிறுத்திடறேன்."

லாரியின் பக்கப்பலகையைத் திறந்தார்கள். அது பிளாட்பாரத்தின் மேல், சமமாக, சத்தமில்லாமல் படிந்தது. சுமைக்காரர்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவர் மூட்டையை ஒற்றைக் கையால் இழுத்தார். வந்துவிட்டது.

"அக்கா, இன்னிக்கு முதுகுக்கு லீவு."

அக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது. ரயிலுக்காகக் கட்டியபோது மேடைக்கு இந்த உயரம் இல்லை. ஊர் ஜல்லியை அள்ள அள்ளப் பள்ளம் இறங்கி, லாரிக்குச் சரியாக வந்து நிற்கிறது. கூரையும் இருப்பதால் ஒரு மூட்டைகூட நனையவில்லை. சரிவு போட்டால் லாரி கதவு வரை வரும்தான். ஆனால் மூட்டை மறுபடி முதுகில்தான் இறங்க வேண்டும்.

இதைச் சொன்னதற்கு அத்தானின் பதில்: "மழைக்கு ஒதுங்கினதை வெச்சுப் பேசாதே. மிஷின்காரருக்கு வாக்குக் கொடுத்தாச்சு."

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

[இந்த வரியை எடுக்கச் சொன்னாள் அக்கா. எடுக்கவில்லை. மன்னியுங்கள் அத்தான்.]

5

முடிவு அ: மிஷின் முதல் கல்லைப் பெயர்க்கிறது. கூரை ஒரு பக்கம்

(இதற்கு மேல் எழுத வரவில்லை.)

முடிவு ஆ: அத்தான் மனம் மாறி மிஷினைத் திருப்பி அனுப்புகிறார். அக்காவுக்கு இதுதான் பிடித்தது. எனக்கு இதில் நம்பிக்கை போதவில்லை. கடல் தாண்டி உட்கார்ந்துகொண்டு ஒரு மனிதரின் மனதை நான் எப்படி மாற்றுவது? ஒன்று மட்டும் சொல்ல முடியும். நான் வேலை பார்க்கும் கிடங்கில், லாரிக்குச் சமமாக ஒரு மேடையை இப்போதுதான் புதிதாகக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

அத்தான், திங்கட்கிழமை காலை அக்கா இதை உங்களுக்கு வாசித்துக்கொண்டிருப்பாள். மிஷின் உறுமிக்கொண்டு நிற்கும். மிஷின்காரர் என் கதையைக் கேட்கமாட்டார். அவர் சைகைக்காக உங்கள் கையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்.