மேசையில் வைத்த சம்பளச் சீட்டுகள்

அமெரிக்காவின் மிசிசிப்பியில் நாங்கள் சோபா தைக்கிற ஆலைக்கு, ஜெர்மனியில் இருக்கும் எங்கள் கம்பெனியின் இன்னொரு ஆலையிலிருந்து டெட்லெஃப் என்பவன் மூன்று வாரத்துக்கு வந்தான். துணி வெட்டும் புது மெஷினைக் கற்றுக்கொடுக்க வந்தவன் என்றார்கள். முதல் நாளே சாப்பாட்டு மேசையில் ஒவ்வொருவரிடமும் மணிக்கு எவ்வளவு சம்பளம், வருஷத்துக்கு எத்தனை நாள் விடுமுறை என்று விசாரித்து நோட்டில் எழுதினான்.

என் பக்கத்து மெஷினில் தைக்கும் வெர்னாவுக்கு அறுபது வயது. ஆட்குறைப்புக்குப் பட்டியல் எடுக்கிறான் என்று அவள் சொல்ல, அதன்பிறகு அவன் வந்து உட்கார்ந்தால் எல்லோரும் மழையைப் பற்றி மட்டும் பேசினோம். இரண்டாம் வாரம், அவள் மகளின் பிரசவத்துக்கு எவ்வளவு செலவானது என்று கேட்டான். வெர்னா கையிலிருந்த பொரித்த மீனைக் கீழே வைத்தாள்.

"தம்பி, உன்னை யாரு அனுப்பினது? நேராச் சொல்லு."

அவன் முகம் சிவந்தது. யாரும் அனுப்பவில்லையாம்; ஜெர்மனியில் அவர்கள் சம்பள உயர்வு கேட்டபோது நிர்வாகம் மறுத்துவிட்டதாம். மிசிசிப்பியில் சராசரிக் குடும்பமே உங்களைவிட அதிகம் சம்பாதிக்கிறது, விடுமுறையும் கேட்பதில்லை என்று சொன்னதாம்.

"அந்தச் சராசரிக் குடும்பத்தைத்தான் தேடுறேன். இன்னும் ஒண்ணுகூட கண்ணுல படல."

"எங்க முதலாளி வீட்டையும் என் வீட்டையும் சேர்த்து வகுத்திருப்பாங்க," என்றாள் வெர்னா. அப்போதும் அவள் நம்பவில்லை. முதலில் அவனுடைய சம்பளச் சீட்டைக் காட்டச் சொன்னாள்.

காட்டினான். வரியும் காப்பீடும் ஏறக்குறைய பாதியைத் தின்றிருந்தன. வெர்னா சிரித்தாள். அந்தக் காப்பீட்டால் அவன் மனைவியின் பிரசவத்துக்கு, ஆஸ்பத்திரியில் வண்டி நிறுத்திய காசு மட்டும்தான் ஆனது என்றதும் சிரிப்பு நின்றது. தன் மகள் பிரசவச் செலவுக்கு நான்கு வருஷமாகத் தவணை கட்டுவதை அவள் சொல்லவில்லை; ஆனால் எனக்குத் தெரியும். தன் சீட்டை எடுத்து மேசையில் வைத்தாள். மற்றவர்களும் வைத்தார்கள். நானும் வைக்க வேண்டியதாயிற்று.

அவளுக்கு மணிக்குப் பதினேழு டாலர். எனக்குப் பத்தொன்பதரை. அவள் வேலைக்குச் சேர்ந்து எட்டு வருஷம் கழித்து வந்தவன் நான். இருவரும் தைப்பது ஒரே சோபா.

"உனக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

தெரியாது என்றேன். அவள் என்னை நம்பியதாகத் தோன்றவில்லை.

மறுநாள் என் சீட்டையும் வாங்கிக்கொண்டு அலுவலகத்துக்குப் போனாள். அவளுக்கு மணிக்கு ஒரு டாலர் கூடியது. சாப்பாட்டுக்கு மட்டும் இப்போது வேறு மேசையில் உட்காருகிறாள்.