எர்மெலிந்தா வீட்டு வாசலில் விழுந்த விரல்

ஆட்சியைப் பிடித்த கர்னல், விடுதலைத் தந்தையின் சிலையை இறக்கி உருக்கிய பிறகும் அதன் நிழல் லா மரேத்தா சதுக்கத்திலேயே தங்கிவிட்டது. பீடம் காலியாக நின்றது. ஆனால் காலையில் தேவாலயத்துப் பக்கமும் மாலையில் கிழக்கு வரிசை வீடுகளின் பக்கமுமாக, அகலத் தொப்பியும் நீட்டிய வலக்கையுமாய், ஜெனரல் பால்தசார் உர்கியோலாவின் நிழல் முன்போலவே நகர்ந்துகொண்டிருந்தது. முதல் வாரம் ஜனங்கள் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள். அடுத்த வாரம் மீன் வறுத்து விற்கிறவள் தன் அடுப்பைத் தூக்கி வந்து அந்தக் கையின் நிழலில் வைத்துக்கொண்டாள். வெயில் நகர நகர அவளும் நகர்ந்தாள். கர்னலின் ஆட்கள் தரைக்குச் சுண்ணாம்பு அடித்துப் பார்த்தார்கள். வெள்ளைத் தரையில் நிழல் இன்னும் நன்றாகத் தெரிந்ததால் அதோடு விட்டுவிட்டார்கள்.

சிலை இருந்த காலத்திலிருந்தே அந்தக் கைக்கு ஒரு வழக்கம் இருந்தது. குடியரசு பிறந்த நாளன்று மாலை நான்கு மணிக்கு அதன் விரல்நுனி கிழக்கு வரிசையில் ஒரு வீட்டுக் கதவைத் தொடும். வருடா வருடம் அதே நாள், அதே கதவு. மற்ற நாட்களில் கிணற்று மேடையிலோ நடைபாதையிலோ விழுந்து கிடக்கும். தொடப்பட்ட வீட்டுக்காரர்களுக்கு அன்று விழாவில் முதல் வரிசை நாற்காலி. பதிலுக்கு அவர்கள் ஊர் முழுவதற்கும் மரவள்ளி ரொட்டி சுட்டுக் கொடுப்பார்கள். அந்த வீட்டுக்குத்தான் எர்மெலிந்தா மருமகளாக வந்தாள். வந்த முதல் ஆண்டே இருநூறு பேருக்கு ரொட்டி சுட்டு, கை கொப்பளித்துப்போய், முதல் வரிசையில் உட்கார்ந்ததும் தூங்கிவிட்டாள். புருஷன் கசிமிரோ, உப்பளத்தில் படகு ஓட்டுகிறவன், அவள் முகத்தில் வெயில் படாமல் தன் தொப்பியைப் பிடித்துக்கொண்டிருந்ததாக ஊரில் சொல்வார்கள்.

சிலை போன மூன்றாம் ஆண்டு, நகராட்சியில் மாட்டியிருந்த கர்னல் படத்தின் கண்களை யாரோ ஊசியால் குத்திவிட்டார்கள். குற்றவாளியைப் பிடிக்க ஒரு கேப்டன் லாரியோடு வந்து சேர்ந்தான். விழாவெல்லாம் தடை செய்யப்பட்டிருந்த காலம். அது குடியரசு நாள் என்பது கேப்டனுக்கு ஞாபகமும் இல்லை. ஊரையே சதுக்கத்தில் நிறுத்தி விசாரித்துக்கொண்டிருந்தபோது மணி நான்கானது. உடலில்லாத நிழல் கையை நீட்டிக் கசிமிரோவின் கதவைத் தொட்டது. கேப்டன் அதைப் பார்த்துச் சிரித்தான்.

"உங்க தந்தையே காட்டிக் குடுத்துட்டாரே. யார் வீடு அது?"

கசிமிரோ பதற்றமில்லாமல் முன்னால் வந்தான். "என் வீடுதாங்க. இன்னைக்குத் தேதிக்கு வருஷா வருஷம் அங்கதான் விழும். வேணும்னா இவங்களக் கேட்டுப் பாருங்க."

கேப்டன் கேட்கவும் செய்தான். அந்த ரொட்டியைத் தின்று வளர்ந்த ஊர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றது. முன்வரிசையில் இருந்த தையல்காரர் எவரிஸ்தோ வாயைத் திறந்தார், பிறகு அதைத் துடைத்துக்கொண்டார். கசிமிரோ ஒவ்வொரு முகமாகப் பார்த்தபடியே லாரியில் ஏறினான். மழைக்காலம் முடிவதற்குள், உப்புத் தீவுச் சிறையில் அவன் செத்துப்போனான் என்றும் உடலைக் கடலில் போட்டுவிட்டார்கள் என்றும் செய்தி வந்தது.

எர்மெலிந்தா கதவில் கறுப்புத் துணி கட்டினாள். லா மரேத்தாவில் கறுப்புத் துணி கட்டிய வீட்டைக் கடக்கும் எந்த ஆணும் ஒரு வருடத்துக்குத் தொப்பியைக் கழற்றிவிட்டுத்தான் கடப்பான். குடிகாரன் செத்தாலும் கடன்காரன் செத்தாலும் அந்த மரியாதை உண்டு. கசிமிரோவின் வீட்டுக்கு மட்டும் யாரும் கழற்றவில்லை. முதலில் கேப்டனின் ஆட்களுக்குப் பயந்து கழற்றவில்லை. பிறகு, பயந்தோம் என்று ஒப்புக்கொள்வதை விட அவன் ஊருக்கு ஏதோ துரோகம் செய்தவன் என்று நம்புவது சுலபமாக இருந்ததால் அப்படியே நம்பிவிட்டார்கள். தந்தையின் விரல் சும்மா நீளுமா என்று பேசிக்கொண்டார்கள். காற்றே இல்லாத மத்தியானங்களிலும் தொப்பி பறந்துவிடும்போல விளிம்பைப் பிடித்துக்கொண்டு அந்த வாசலைத் தாண்டினார்கள். ஆனால் அவளிடம் ரொட்டி வாங்க மட்டும் தவறாமல் வந்தார்கள், ரொட்டியில் துரோகம் ஒட்டாது போலிருக்கிறது. அவளும் விற்றாள். துணி வெயிலில் வெளுத்துச் சாம்பல் நிறமாகும் போதெல்லாம் புதிதாக ஒன்றைக் கட்டினாள். ஊருக்கு அவள் மேல் வந்த எரிச்சல் வெட்கத்திலிருந்து வந்தது என்பதை அவள் ஒருத்திதான் அறிந்திருந்தாள்.

கர்னல் முதுமையில் படுக்கையில் செத்தான். புது அரசாங்கம் பழைய அச்சிலிருந்தே புதிய வெண்கலச் சிலை வார்த்து ஊர் ஊராக அனுப்பியது. லா மரேத்தாவில் அதைப் பீடத்தில் ஏற்றிய அன்று, இனி இரண்டு நிழல் விழுமோ என்று சிலர் கவலைப்பட்டார்கள். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. பழைய நிழல் ஊர்ந்து வந்து, பழகிய செருப்பில் கால் நுழைவதுபோல் புதுச் சிலையின் காலடியில் பொருந்திக்கொண்டது. தையல்காரர் எவரிஸ்தோ அதற்குள் மேயராகியிருந்தார். மறுபடியும் தொடங்கிய குடியரசு நாள் விழாவுக்கு முந்தைய நாள் அவர் எர்மெலிந்தாவின் வாசலில் வந்து நின்றார்.

"அக்கா, நாளைக்கு மந்திரி வர்றார். அந்தத் துணிய ஒரு நாளைக்கு மட்டும் எடுத்துடுங்க. கதவுக்கு வெள்ளையடிச்சுத் தரச் சொல்றேன். முதல் வரிசையில நாற்காலி போட்டாச்சு."

"நீ தொப்பியை எடு. நான் துணிய எடுக்கறேன்."

எவரிஸ்தோவின் கை தொப்பி விளிம்பு வரை போனது. அங்கிருந்து இறங்கிக் காதைச் சொறிந்தது. "நான் எடுத்தா ஊரே எடுக்கணும் அக்கா. அப்புறம் அன்னைக்கு ஏன் வாயத் தெறக்கலன்னு கேள்வி வரும்."

"வரட்டுமே."

"நிறையப் பேருக்கு வயசாயிடுச்சு. தாங்க மாட்டாங்க."

"எனக்கு மட்டும் கொறஞ்சுக்கிட்டா வருது?" என்று சொல்லிவிட்டு அவள் ரொட்டியைத் திருப்பிப் போடப் போனாள்.

மறுநாள் மந்திரி பேசினார். தந்தை நீட்டிய கை நாட்டின் எதிர்காலத்தைச் சுட்டுகிறது என்றார். அந்த எதிர்காலம் கொஞ்சம் கொஞ்சமாகக் கிழக்கு வரிசையை நோக்கி நீண்டுகொண்டிருந்தது. முதல் வரிசை நாற்காலி காலியாகக் கிடந்தது. நான்கு அடிக்கச் சற்று முன்பு எர்மெலிந்தா வெளியே வந்து, கதவை முதுகால் மறைத்துக்கொண்டு நின்றாள். விரல் அவள் செருப்பைத் தொட்டு, பாவாடையில் ஏறி, நெஞ்சில் வந்து நின்றது. பேச்சு தானாக நின்றுபோனது. அவள் குரலை உயர்த்தவில்லை. எதிர்வீட்டு ஆணிடம் கேட்பது போலத்தான் கேட்டாள்.

"ஜெனரலய்யா, எத்தனை வருஷமா நீட்டிக்கிட்டே நிக்கிறீங்க, கை வலிக்கலையா? இவங்களுக்கெல்லாம் வாய் இல்ல, அதனால உங்களக் கேக்கறேன். என் வீட்டுக்காரர் என்ன தப்பு பண்ணினார்? பண்ணியிருந்தா இப்படியே காட்டிக்கிட்டு இருங்க."

வெண்கலம் அசையவில்லை. நிழல் கையை இறக்கியது. வயதானவர்கள் கையை மடக்குவதுபோல மெதுவாகத்தான் இறக்கியது. பிறகு அதே கையால் தலையிலிருந்த அகலத் தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டு, எர்மெலிந்தாவின் வாசலுக்கு நேராகத் தலை குனிந்து நின்றது.

சதுக்கத்தில் முதலில் எவரிஸ்தோ தொப்பியைக் கழற்றினார். அவர் அழுதுகொண்டிருந்தார், அதை மறைக்கவும் இல்லை. அடுத்து உப்பளத்துக் கிழவர்கள், அவர்கள் பிள்ளைகள், பாண்டு வாத்தியக்காரர்கள் என்று எல்லோரும் கழற்றினார்கள். மந்திரி அதை உள்ளூர் வழக்கம் என்று நினைத்துத் தானும் கழற்றினார். இத்தனை காலம் கண் கலங்காமல் ரொட்டி சுட்டவள், புருஷன் செத்த பெண்ணாக, தன் வாசற்படியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். யாரும் கலைந்து போகவில்லை. வெயில் தாழ்ந்த பிறகு எவரிஸ்தோ அருகில் வந்தார்.

"எடுத்துட்டேன் அக்கா."

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "சரி. இனிமேதான் ஒரு வருஷம் ஆரம்பம்."

பழைய துணியை அவிழ்த்துப் போட்டுவிட்டு நல்ல கறுப்பில் புதுத் துணி ஒன்றைக் கட்டினாள். அந்த வருடம் முழுக்க லா மரேத்தாவின் ஆண்கள் அவள் வாசலை வெறுந்தலையோடுதான் கடந்தார்கள், மழையானாலும் சரி. வேறு வழியில் போக வேண்டிய சிலரும் இதற்காகவே சுற்றிக்கொண்டு அந்தத் தெருவில் வந்தார்கள். மீன் விற்கிறவள் கையின் நிழல் போய்விட்டதே என்று இரண்டு நாள் முணுமுணுத்துவிட்டுத் தலைக்கு மேல் சாக்கு கட்டிக்கொண்டாள். பள்ளிப் பிள்ளைகள் சிலையைத் தொப்பியோடும் நிழலைத் தொப்பியில்லாமலும் வரைந்தார்கள், வாத்தியாரும் திருத்தவில்லை. வருடம் நிறைந்த அன்று எர்மெலிந்தா துணியை எடுத்து மடித்து வைத்தாள். ஊர் மறுபடியும் தொப்பி போட்டுக்கொண்டு நடந்தது. நிழல் மட்டும் இன்னும் போட்டுக்கொள்ளவில்லை.