இரண்டாவது பிரேக்

சனிக்கிழமை காலை ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியின் அலுவலக அறையில் ஐந்து பேர் இருந்தோம். ஜன்னலை ஒட்டிய நாற்காலியில், முகக்கவசத்துடன், பள்ளியை நடத்தும் அக்கா. அதாவது என் மனைவியின் அக்கா. எதிரே, வருகிறவர்களுக்கென்று போட்டிருக்கும் மெத்தை நாற்காலியில் பெரிய மச்சான், உடன்பிறந்தவர்களில் மூத்தவர். சாலைக் குறிகள் வரைந்த பலகைக்குக் கீழே பெஞ்சில் சகலை, அக்காவின் கணவர். கதவோரம் என் மனைவி, லைசென்ஸ் விசாரிக்க வருகிறவர்களை வாசலோடு அனுப்பிவிடுவதற்காக. மேசையில் நான். இந்தக் குடும்பத்தில் கடிதம் என்று பேச்சு வந்தால் தாளை என் பக்கம்தான் தள்ளுவார்கள்.

எழுத வேண்டியது சின்னவனுக்கு, கடைசித் தம்பிக்கு.

அக்காவுக்கு ரத்தப் புற்றுநோய். மருந்தில் அடங்கியிருந்தது, ஆனால் திரும்பி வரக்கூடிய வகை. வருவதற்குள் வேறொருவரின் ஸ்டெம் செல்லை, புது ரத்தம் ஊறுவதற்கான மூலச் செல்லை, ஏற்றிவிட வேண்டும் என்றார் டாக்டர். முழுதாகப் பொருந்துகிறவர் வெளியிலும் கிடைக்கவில்லை. என் மனைவிக்கு அறவே பொருந்தவில்லை. சகோதரர்கள் இருவருக்கும் பாதிப் பாதி.

கொடுக்கப் போவது தான்தான் என்று பெரிய மச்சான் முடிவே செய்துவிட்டார். அவருக்கும் அக்காவுக்கும் ஒரே முகச்சாடை, ஒரே ரத்த வகை. சிகரெட்டை விட்டார், நடப்பதற்கு ஷூ வாங்கினார், அலுவலகத்தில் லீவும் சொல்லிவிட்டார். நாங்களும் அப்படித்தான் நினைத்திருந்தோம். புதன்கிழமை டாக்டர் சின்னவனைச் சொன்னதும் அவர் முகம் தொங்கிப் போயிற்று.

"நான் எதுல கொறஞ்சு போயிட்டேன்? அதைச் சொல்லு" என்று இந்தச் சனிக்கிழமையும் ஆரம்பித்தார் பெரிய மச்சான்.

"கொறையெல்லாம் இல்லண்ணா" என்றார் அக்கா. "நம்ம வண்டியை வச்சே சொல்றேன். ரத்தத்துல கொல்லுற செல்லுன்னு ஒரு கூட்டம் ரோந்து சுத்திக்கிட்டே இருக்கு. நம்ம பயிற்சி வண்டி மாதிரி, அதுக்குப் பக்கத்து சீட்லயும் ஒரு பிரேக். எதிர்ல வர்ற செல்லு சரியான அடையாளத்தைக் காட்டினா அந்த பிரேக்கை மிதிச்ச மாதிரி. இது நம்ம ஆளுன்னு விட்டுட்டுப் போயிடும்."

"சரி."

"எனக்கு வந்திருக்கிற புத்துநோய் செல்லும் என் உடம்புல பொறந்ததுதானே? அதுவும் அடையாளத்தைக் காட்டி என் செல்லை நிறுத்தி வச்சிடுது. உங்க செல்லும் அதே அடையாளத்தைப் பார்த்துதான் நிக்கும். சின்னவன்கிட்ட இருக்கிற சில செல்லு வேற ஒரு அடையாளத்துக்குத்தான் நிக்குமாம். அது என்கிட்ட இல்ல. பிரேக்கை மிதிக்க ஆளே இருக்காது, புத்துநோய் செல்லைக் கொன்னுட்டுத்தான் போகும்."

"அவனை யாராலயும் நிறுத்த முடியாதுங்கறது நமக்கு எப்பவோ தெரியுமே" என்றார் சகலை.

பெரிய மச்சானைத் தவிர எல்லோரும் சிரித்தோம். "அப்ப மூஞ்சி ஒண்ணா இருக்கறதுக்கு அர்த்தமே இல்லயா?"

"மூஞ்சிய அது எங்கண்ணா பாக்குது? இந்த மரபணுவெல்லாம் தனிக் கணக்கு. டாக்டரும் நிச்சயம்னு சொல்லல. சில ஆராய்ச்சியில நோய் திரும்பறது கொறஞ்சிருக்காம், சிலதுல பெருசா வித்தியாசம் இல்லையாம். மத்ததுல நீங்க ரெண்டு பேரும் சமம். அவனுக்கு வயசும் கம்மி. அதான் அவனைச் சொன்னார்."

சின்னவன் முன்பு இதே பள்ளியில் பயிற்சியாளராக இருந்தவன். சொந்தமாகப் பள்ளி தொடங்கப் போகிறான் என்று காதில் விழுந்ததும், அக்கா அவன் படத்தைக் கண்ணாடிக் கதவில் ஒட்டி, இவருக்கும் நம் பள்ளிக்கும் தொடர்பில்லை, யாரும் ஏமாற வேண்டாம் என்று எழுதிவிட்டார். அவன் வேறு ஊருக்குப் போய்விட்டான். போனை எடுப்பதில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து கேட்டபோது மட்டும் ரத்த மாதிரியைக் கொடுத்துவிட்டு, "எழுதி ஒட்டித் தொரத்துனவங்க எழுதியே கூப்பிடட்டும்" என்று சொல்லி அனுப்பியிருந்தான்.

அக்கா சொல்லச் சொல்ல எழுதினேன். நோயின் பெயர், ஆஸ்பத்திரி விலாசம், செல் எடுக்கும் முறை. சில நாள் ஊசி போடுவார்கள், பிறகு கையிலிருந்து ரத்தத்தை இயந்திரத்தில் விட்டு, வேண்டியதை எடுத்துக்கொண்டு மீதியைத் திருப்பி ஏற்றிவிடுவார்கள், கத்தி வைப்பதில்லை. பலிக்காமல் போனால் அது அவன் குற்றமாகாது. தாளின் இரு பக்கமும் நிரம்பியது. உரக்கப் படித்தேன்.

"எல்லாம் இருக்குக்கா. கேக்கறது மட்டும் இல்ல" என்றேன்.

"படிச்சா புரியாதா அவனுக்கு?"

"நல்லாவே புரியும்" என்றாள் கதவோரம் இருந்த என் மனைவி. "ஆனா நீ கேக்கணும்கறான் அவன்."

"டாக்டர் வரச் சொன்னார்னு ஒரு வரி சேத்துக்குங்க, முடிஞ்சுது" என்றார் சகலை.

"டாக்டரா நோட்டீஸ் ஒட்டுனாரு?" இதைச் சொன்னவர் பெரிய மச்சான்.

அக்கா என் பக்கம் கையை நீட்டினார். பேனாவையும் புதுத் தாள் ஒன்றையும் கொடுத்தேன். மருந்தால் விரல் நுனிகள் மரத்துப் போயிருந்ததால் எழுத்து மெல்லத்தான் நகர்ந்தது. முடித்ததும் மடிக்காமல் என்னிடமே தந்து படிக்கச் சொன்னார்.

"கண்ணாடியில் உன் படத்தை ஒட்டியது நான். நீ யாரையும் ஏமாற்றவில்லை என்று தெரிந்தேதான் அப்படி எழுதினேன். அது தப்பு. இப்போது எனக்கு உன் செல் வேண்டும். தருவாயா? முடியாது என்று நீ சொன்னாலும் நான் செய்தது தப்புதான். அண்ணன் தயாராக இருக்கிறார். அதனால் பயந்துகொண்டு சரி என்று சொல்லாதே."

பெரிய மச்சான் தொண்டையைச் செருமிக்கொண்டார். "நான் இருக்கேன்கறதை அவனுக்கு எதுக்குச் சொல்றே? நமக்கென்னன்னு இருந்துடப் போறான்."

"இருந்தா இருக்கட்டும்ணா. வேற வழியில்லன்னு வந்து கொடுக்க வேண்டாம். நீங்க இருக்கற தைரியத்துலதான் அவனைக் கேக்கவே முடியுது எனக்கு."

பெரிய மச்சான் எழுந்து மேசையருகே வந்து, "ரெண்டு தாளும் போகணுமா, இது மட்டும் போதுமா?" என்று கேட்டார்.

"ரெண்டும்" என்றார் அக்கா. "இது மேல இருக்கட்டும்."

அப்படியே வைத்து மடித்தேன். விலாசத்தை எழுதி, உறையைப் பசை தடவி ஒட்டினேன். கூரியர் அலுவலகத்துக்கு நான் போவதாகச் சொன்னேன். பெரிய மச்சான் உறையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"நீங்க உக்காருங்க மாப்ளே. நடக்கணும்னுதானே ஷூ வாங்கினேன்."

அரை மணி நேரத்தில் ரசீதோடு திரும்பி வந்தார். திங்கட்கிழமை கிடைத்துவிடுமாம்.