மேலகரத்தில் பதினேழு வானவில்

குற்றாலச் சாரல் மலையை நனைக்கும், மந்தியை நனைக்கும், மந்திரி வந்தால் அவரையும் நனைக்கும். ஆனால் மேலகரத்தில் பூமிக்கடியில் படுத்திருக்கும் தன் பெட்ரோல் டாங்கியிலிருந்து ஒரு சொட்டு வெளியேறாது, உலகம் அழிந்து மறுபடி தோன்றும்போது முதலில் தட்டுப்படப் போவது அந்த டாங்கிதான் என்று செல்லப்பா அறிவித்தது 1983 ஆனி மாதம் ஒரு வியாழக்கிழமை. மறுநாள் காலை அவருடைய பெட்ரோல் பங்க்கைச் சுற்றியிருந்த பதினேழு கிணறுகளிலிருந்தும் வானவில் ஏறி வெளியே வந்தது. வெயில் வேண்டும், மழை வேண்டும் என்ற நிபந்தனையெல்லாம் அவற்றுக்கு இல்லை. ஒரு கால் கிணற்றுக்குள் இருக்கும். மற்றக் கால் ஊன்ற இடம் கிடைக்காமல் கூரைக்கு மேலே தடவிக்கொண்டிருக்கும். பக்கத்தில் போனால் லாரி வாசம் அடித்தது. முதல் வாரம் ஊரே வாயைப் பிளந்தது. இரண்டாவது வாரம் துணி காயப்போட்டது. அருவியில் குளித்துவிட்டு வந்த சீசன்காரர்கள் அதன் கீழே நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். மலைமேலிருக்கும் மூலிகை மண்ணுக்குள் இறங்கி இப்படிப் பூத்திருக்கிறது என்று செல்லப்பா விளக்கம் சொன்னார். மூலிகைத் தண்ணீரில் போட்ட டீயைக் குடித்த இரண்டு பேருக்கு மூன்று நாள் ஏப்பத்தில் பெட்ரோல் வந்தது.

செல்லப்பா இலஞ்சியில் வயலை விற்று 1974-இல் பங்க் வைத்தவர். தினமும் காலையில் டாங்கிக்குள் அளவுக்குச்சி விட்டு, விற்றது போக மிச்சம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்பது விதி. அவர் பார்த்ததில்லை. பெற்ற பிள்ளையைத் தினம் தராசில் நிறுத்துப் பார்ப்பார்களா என்று கேட்பார். பங்க்குக்கு நேர் பின்னால் அவருடைய அக்கா உலகம்மாள் வீடு. பதினேழில் பெரிய வானவில் அவள் கிணற்றில்தான் இருந்தது. தம்பி தண்ணீர் லாரி ஒன்றை அனுப்பிவைத்தபோது அவள் அதைத் திருப்பி அனுப்பிவிட்டு பங்க் வாசலுக்கே வந்தாள்.

"ஏலே செல்லப்பா, எங்கிணத்துத் தண்ணிய எம்முன்னால நீ ஒரு டம்ளர் குடி. அன்னைக்கு உங்கிட்டப் பேசுதேன். அதுவரைக்கும் எனக்குத் தம்பி கெடையாது."

சொன்னபடியே பேச்சை நிறுத்திவிட்டாள். பிறந்ததிலிருந்து அவள் ஏசாத ஒரு நாள்கூட அவருக்கு விடிந்ததில்லை. ஏச்சு நின்றதும் செல்லப்பாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவசியம் ஏற்பட்டால் வானவில்லைப் பார்த்துச் சொல்லுவாள்: "ஏ வானவில்லே, அங்கன மரம் மாதிரி நிக்கானே ஒருத்தன், சட்டையில பொத்தான் அத்திருக்குன்னு அவங்கிட்டச் சொல்லு."

ஆடியில் மாசு இலாகாவிலிருந்து அகமது கபீர் வந்தார். ஒல்லியான ஆள், கையில் கயிறு, கண்ணாடிப் பாட்டில்கள். ஒவ்வொரு கிணற்றிலும் முதலில் வாளி வாளியாகத் தண்ணீரை இறைத்துக் கொட்டுவார். புதுத் தண்ணீர் ஊறியபின் அதே தண்ணீரால் பாட்டிலை மூன்று தடவை அலசுவார். நான்காவது தடவை நிரப்பி, மூடி, தேதியும் நேரமும் எழுதி ஒட்டுவார். செல்லப்பாவுக்கு இது நல்ல தீனி.

"பாத்தியளாவே, சர்க்கார் சம்பளம் குடுத்து பாட்டிலுக்கு வாய் கொப்புளிக்கச் சொல்லித் தருது. அடுத்தாப்புல தலை வாரி பூ வச்சு விடுவாரு போல."

"அண்ணாச்சி, தேங்கிக் கெடக்க தண்ணி பொய் சொல்லும். எறச்சிட்டுக் கேட்டாத்தான் உண்மை வரும்" என்றார் கபீர், அலசிக்கொண்டே.

கபீர் வானவில்களை டேப் பிடித்து அளந்தார். இலாகாவின் படிவத்தில் வானவில்லுக்குக் கட்டம் இல்லாததால் 'இதர' என்பதில் எழுதினார். ஆவணியில் ஒரு நாள் செங்கோட்டைக் காற்று திடீரென்று நின்றபோது, இரண்டு மாதமாகத் தடவிக்கொண்டிருந்த பதினேழு கால்களும் ஒன்றாக இறங்கி பங்க் வாசலில் இடதுபுறம் ஒரே இடத்தில் ஊன்றின. தோண்டினார்கள். டாங்கியிலிருந்து பம்புக்குப் போகும் குழாயில் ஒன்பது ஓட்டைகள் வரிசையாக இருந்தன. ஒன்பது ஆயுத பூஜைக்கும் வாசலில் வாழைமரம் நட செல்லப்பா தன் கையாலேயே கடப்பாரை போட்டிருந்தார். கடைசி ஓட்டையில் ஒரு வாழை வேர்விட்டுக் குலையும் தள்ளியிருந்தது. அதன் பழம் தீக்குச்சி காட்டினால் எரிந்தது.

உத்தரவு வந்தது: விற்பனை நிறுத்தம், டாங்கியைத் தோண்டி எடுத்தல், ஊறிய மண்ணை அகற்றுதல், கிணறுகளில் மிதக்கும் எண்ணெயை வழித்துவிட்டு, தொடர்ந்து நான்கு பரிசோதனைகள் சுத்தமாக வரும்வரை இறைத்தல், எல்லாம் செல்லப்பாவின் பொறுப்பு. 1984-இல் வானவில்களில் சிவப்பு போனது. மறுவருஷம் மஞ்சளும் பச்சையும் போயின. அதற்கடுத்த சீசனில் பாதிக் கிணறுகள் வெறுமனே நின்றன. துணி காயப்போட இடமில்லை என்று இலாகாவுக்கு ஒரு மனு போயிற்று. செல்லப்பாவின் உள்ளங்கை வாளிக்கயிற்றில் காய்த்துப்போனது. 1987 முடியும்போது அக்கா கிணறு ஒன்றுதான் பாக்கி. அதில் ஊதா மட்டும் நின்றது, புடவைக் கரை அகலத்துக்கு.

1988 ஆனியில் நான்காவது பரிசோதனையும் சுத்தமாக வந்தது. ஊதா அசையவில்லை. கபீர் பாட்டிலை மூன்று முறை வெயிலில் தூக்கிப் பார்த்தார். தண்ணீரில் குற்றமில்லை, அது இருந்துவிட்டுப் போகட்டும் என்று ஃபைலை மூடி, காகிதத்தைச் செல்லப்பாவிடம் கொடுத்தார். செல்லப்பா அதைக் கொடி மாதிரிப் பிடித்துக்கொண்டு அக்கா வீட்டுக் கொல்லைக்குப் போனார். உலகம்மாள் காகிதத்தைப் பார்க்கவில்லை. ஒரு டம்ளரைக் கிணற்றுச் சுவரில் வைத்தாள்.

"ஏ வானவில்லே, காயிதத்த யாரு கேட்டா? குடிக்கச் சொல்லு."

செல்லப்பா ஒரு வாளி இறைத்து, டம்ளரில் மொண்டு, வாய்க்குக் கொண்டுபோனார். உதடு வரை போன டம்ளர் அங்கேயே நின்றது. அக்காவின் முகத்தைப் பார்த்தார். நாளை முதல் இதே தண்ணீரைத்தான் அவளும் குடிக்கப் போகிறாள். டம்ளரைக் கீழே கவிழ்த்தார். பிறகு வாளியை எடுத்து இறைக்க ஆரம்பித்தார். அரை மணி நேரம் கொல்லையெல்லாம் தண்ணீராக ஓடியது; உலகம்மாள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நின்றாள். ஊதா வானவில் கயிற்றுக்கு இடைஞ்சல் இல்லாமல் ஓரமாக ஒதுங்கிக்கொண்டது. புதுத் தண்ணீர் ஊறும்வரை காத்திருந்து, ஒரு வாளி எடுத்து, யாராவது பார்க்கிறார்களா என்று சுற்றுமுற்றும் ஒரு தடவை பார்த்துவிட்டு, டம்ளரை அலசி ஊற்றினார் செல்லப்பா. இரண்டாவது தடவையும் அலசி ஊற்றினார்.

"ஏலே கோட்டிக்காரப் பயலே, சீக்கிரம் குடிச்சுத் தொலை, சோறு ஆறுது" என்றாள் உலகம்மாள், அவரைப் பார்த்தே.

"பொறுக்கா" என்றார் செல்லப்பா. மூன்றாவது தடவை பாக்கி இருந்தது.