பாஷாவும் அனீஸும் வெளியே வர மாட்டார்கள்

மெர்ஸாக்கின் ஐந்தாம் மாடி பால்கனியில் நின்ற கிடாவை பாப் எல் உவெத் தெருவே அண்ணாந்து பார்த்து வாயைப் பிளந்தது. முறுக்கிய கொம்பு அப்படி. வேலை செய்யாத லிஃப்டைத் திட்டிக்கொண்டே அதைத் தோளில் சுமந்து ஏற்றியவன் மெர்ஸாக். அன்றிலிருந்து தன்னால் முடியாத காரியம் உலகத்தில் இல்லை என்று அவனுக்கு ஒரு நினைப்பு. கிடாவைத் தெரு ஒப்புக்கொண்டது. நினைப்பை அவன் மட்டும்தான் ஒப்புக்கொண்டிருந்தான்.

தியாகப் பெருநாளுக்கு முந்தின நாள் காலை. மனைவி நவால் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். பிரசவ வார்டு நர்சுக்குப் பெருநாள் ஏது, விடுமுறை ஏது.

"ரெண்டு புள்ளைங்க, ஒரு ஆடு. சமாளிச்சிருவியா? எதிர்வீட்டு வார்தியா கால்திய எட்டிப் பாக்கச் சொல்லவா?"

"சொல்லவே வேணாம். நாள் பூரா எட்டித்தானே பாக்குறாங்க. நீ போ, இதெல்லாம் ஒரு வேலையா?"

கட்டடத்தில் எல்லோருக்குமே வார்தியா 'கால்தி'தான், சின்னம்மா முறை. எந்த வீட்டில் என்ன கொதிக்கிறது என்று அந்த வீட்டுக்காரிக்கு முன்னால் அவளுக்குத் தெரியும்.

நவால் ஒரு கிண்ணத்தில் மருதாணி குழைத்துக் குளிர்பெட்டி மேல் வைத்துவிட்டுப் போனாள். மாலை நோன்பு திறந்ததும் பிள்ளைகளின் உள்ளங்கையில் கொஞ்சம், வழக்கம்போலக் கிடாவின் நெற்றியில் கொஞ்சம் வைக்க வேண்டும்.

மெர்ஸாக்கும் அன்று நோன்பு. காப்பி இல்லை, சிகரெட் இல்லை. அதை மறந்துவிட்டுத்தான் காலையில் அவ்வளவு பேசியிருந்தான் போலிருக்கிறது. வெயில் ஏறுவதற்குள் ஆறு வயது லாமியா தம்பியின் புது ஷூவில் தண்ணீர் ஊற்றி மீன் வளர்க்கப் பார்த்தாள். நாலு வயது அனீஸ் மக்ரோனியைத் தட்டில் தின்றதைவிட சோபாவில் தேய்த்தது அதிகம். மெர்ஸாக் விடவில்லை. மடியில் உட்காரவைத்து, "இன்னொரு வாய், இன்னும் ஒரே ஒரு வாய்" என்று கெஞ்சிக் கெஞ்சி ஊட்டினான்.

அந்நேரம் வாசலில் வார்தியா, கையில் பாதிச் சட்டையோடு நின்றாள்.

"ஏன் மெர்ஸாக், ஊரே நோன்பு வச்சிருக்கு. உன் ஆட்டுக்கு மட்டும் கெடையாதா? கொடியில கெடந்தத எட்டித் தின்னுருக்கு பாரு!"

"மன்னிச்சிருங்க கால்தி. புதுசு வாங்கித் தந்துர்றேன்."

"சட்டை கெடக்குது. நீ பாக்குற லட்சணத்தச் சொன்னேன்."

பாஷாவை இழுத்துக்கொண்டுபோய்க் குளியலறையில் நிறுத்தி, ஒரு கட்டு வைக்கோலைப் போட்டான். பாஷா என்பது கிடாவுக்குப் பிள்ளைகள் வைத்த பெயர். பிறகு சோபாவில் சாய்ந்தான். கண்ணை மட்டும் மூடுவதாகத்தான் உத்தேசம். குறட்டை படிக்கட்டு வரை கேட்டது என்பார்கள்.

லாமியா நாற்காலி போட்டு ஏறி மருதாணிக் கிண்ணத்தை எடுத்தாள். குளியலறைக்குள் போய், பெரியவர்கள் செய்வதைப் போலவே பாஷாவின் நெற்றியில் பக்குவமாக அப்பினாள். விரலில் மிச்சம் இருந்தது. பக்கத்தில் தம்பி வாயைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவன் நெற்றியிலும் ஒரு வட்டம் போட்டாள்.

"ஆட்டுக்கு எதுக்கு இது?" என்றான் அனீஸ்.

"நாளைக்கு அறுக்கப் போறாங்கல்ல, அதுக்கு அடையாளம்."

அனீஸ் தன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தான். அடுத்த நொடி அக்காவை வெளியே தள்ளிவிட்டுத் தாழ்ப்பாளைப் போட்டான்.

அந்தத் தாழ்ப்பாள் மெர்ஸாக்கின் கைவேலை. பழைய ஓட்டையை அடைக்கச் சோம்பல்பட்டு, நன்றாகக் கீழே இறக்கிப் பொருத்தியிருந்தான். அவன் பொருத்தியவற்றில் இன்றுவரை கழன்று விழாத ஒரே சாமான் அதுதான்.

லாமியாவின் அலறலில் துள்ளி எழுந்து வந்து கதவைத் தள்ளினான். அசையவில்லை. உள்ளே தரையில் குளம்புச் சத்தம். அந்தக் கொம்பு ஒருமுறை திரும்பினால் போதும், சுவருக்கும் தொட்டிக்கும் நடுவில் பிள்ளை நசுங்கிப்போவான். கதவை உடைக்கலாம் என்றால், உள்பக்கம் திறக்கும் கதவு. அதன் பின்னாலேயே அவன் நின்றால்?

"அனீஸு, கதவத் தொறடா ராஜா."

"மாட்டேன். நீ என்ன அறுத்துருவ."

"நானா? யாருடா சொன்னா?"

"லாமியா அடையாளம் வச்சுட்டா. பாஷாவும் நானும் வெளிய வர மாட்டோம். பெருநாள் முடிஞ்சப்புறம் வருவோம்."

"நான் ஆட்டதான் சொன்னேன்," என்றாள் லாமியா. "அவனா நெனச்சுக்கிட்டான்."

"அறுக்க மாட்டேன்டா. உன் பாபா நான், சத்தியமாச் சொல்றேன்."

"பொய். பாஷாவுக்கு நெறைய நெறைய வைக்கோலு போட்ட. எனக்கும் நெறைய மக்ரோனி ஊட்டுன."

பிள்ளை கணக்கைச் சரியாகத்தான் போட்டிருந்தான்.

இந்த வேளைக்கு வார்தியா வராமல் இருந்தால் அது வார்தியா இல்லை. விஷயத்தைக் கேட்டுக் கன்னத்தில் கை வைத்தாள். "புள்ளைய ஆட்டோட சேத்து அடைச்சுட்டியா? நவால்கிட்ட நான் சொல்றேன், நீ பாவம், வாய் கொழறும்."

மெர்ஸாக் லாமியாவின் கையிலிருந்து மருதாணியை வாங்கினான். கிண்ணத்தில் நான்கு விரல்களை விட்டு, தன் நெற்றியில் ரொட்டி மாவு போல அப்பினான். சாவி தொலைந்துபோன பழைய சாவித் துவாரத்துக்கு நேராக மண்டியிட்டான்.

"இங்க பாருடா. என் நெத்தில என்ன?"

உள்ளே ஒரு கண் தெரிந்தது. "மருதாணி."

"என்ன யாராச்சும் அறுப்பாங்களா?"

கண் இரண்டு முறை கொட்டியது. "யெம்மா அறுப்பா."

"வெவரமான புள்ள!" என்று வார்தியா சிரித்தாள். லாமியா கேட்காமலேயே தனக்கும் ஒன்று வைத்துக்கொண்டு துவாரத்தில் முகத்தைக் காட்டினாள்.

"கால்தியும் வெக்கணும்," என்றது உள்ளிருந்து குரல்.

சிரிப்பு நின்றது. "நானா? நாளைக்கு எம் மருமக வீட்டாளுங்க அத்தன பேரும் வர்றாங்க! நான் என்ன..."

உள்ளே 'டொம்' என்று கொம்பு எதிலோ மோதியது. அனீஸ் வீறிட்டான்.

"வைடா மெர்ஸாக், சீக்கிரம் வை!" வார்தியா முக்காட்டைத் தானே பின்னுக்குத் தள்ளினாள்.

கண் மறுபடி துவாரத்துக்கு வந்தது. மூன்று நெற்றிகளையும் மாறி மாறிப் பார்த்தது.

"அப்ப பாஷா?"

ஒரு பொய் போதும், கதவு திறந்துவிடும். நாக்கு நுனிவரை வந்தது. வார்தியாகூடச் சொல்லேன் என்று சைகை காட்டினாள். ஆனால் விடிந்தால் என்ன நடக்கும் என்று பிள்ளை பார்க்கத்தானே போகிறான்? அதற்கப்புறம் தான் சொல்லும் எதை நம்புவான்?

"பாஷாவ அறுப்போம்டா," என்றான் மெர்ஸாக். "அதுக்குத்தான் கொண்டாந்தோம். மருதாணி வச்சாலும் அறுப்போம், வெக்காட்டியும் அறுப்போம். அவன் ஆடு. நீ ஆடு இல்ல. உடம்பு பூரா பூசிக்கிட்டாலும் நீ எம் புள்ளதான்."

துவாரத்திலிருந்து கண் மறைந்தது. பிறகு தாழ்ப்பாள், வைத்தவனின் திறமைக்குச் சாட்சியாக, மெதுவாக முனகிக்கொண்டு நகர்ந்தது.

அனீஸ் தொட்டிக்குப் பக்கத்தில் முழுசாக நின்றான். தொட்டி ஓரம்தான் உடைந்திருந்தது. பாஷா நவாலின் துண்டை மென்றுகொண்டிருந்தது. அனீஸ் அதன் கழுத்தைத் தடவி, "நான் சொல்லிப் பாத்தேன்" என்று ரகசியமாகச் சொல்லிவிட்டு வந்து அப்பன் கழுத்தைக் கட்டிக்கொண்டான். அன்று முழுவதும் இறங்கவில்லை.

நவால் வந்தபோது பேரீச்சம்பழமும் கையுமாக மூன்று செம்பழுப்பு நெற்றிகள் அவளை வரவேற்றன. எல்லாவற்றையும் கேட்டாள். உடைந்த தொட்டியைப் பார்த்தாள். மகனின் நெற்றியில் முத்தமிட்டாள். "இது ஒரு வேலையான்னு கேட்டியே," என்று மட்டும் சொன்னாள்.

எதிர்வீட்டில் வார்தியா நெற்றியை எலுமிச்சை போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தேய்க்கத் தேய்க்கச் சிவந்தது. மருமகள் வீட்டார் முன்னால் இதோடு நிற்பதா? யோசித்தாள், முக்காட்டைச் சரிசெய்தாள், மாடி மாடியாக இறங்கினாள்.

"எங்க மலையூர்ல பெருநாளுக்கு முந்தின நாள் நெத்தில வெப்போமே! கண்ணு படாது. உங்களுக்கெல்லாம் பழசு எதுவுமே தெரியல போ."

அவள் மலையூரில் அப்படி ஒரு வழக்கமும் கிடையாது. ஆனால் வார்தியா சொல்லி அந்தக் கட்டடம் எதை நம்பாமல் இருந்திருக்கிறது? படுக்கப் போகும்முன் வீட்டுக்கு ஒரு மருதாணிக் கிண்ணம் வெளியே வந்தது.

காலையில் பெருநாள் தொழுகைக்கு மெர்ஸாக் தொப்பியைப் புருவம்வரை இறக்கிக்கொண்டு போனான். தோள்மேல் அனீஸ். பள்ளிவாசல் முற்றத்தில் கால் வைத்ததும் தொப்பியை மேலே ஏற்றிவிட்டுக்கொண்டான். இரண்டாம் மாடி, மூன்றாம் மாடி, அடுத்த கட்டடம் என்று வரிசை வரிசையாகச் சிவந்த நெற்றிகள்.

அனீஸும் பார்த்தான். பாவம், இவர்களிடம் யாரும் விஷயத்தைச் சொல்லவில்லை போலும். தோள்மேல் நிமிர்ந்து உட்கார்ந்து, முற்றம் முழுக்கக் கேட்கும்படி கத்தினான்:

"பயப்படாதீங்க! நீங்க யாரும் ஆடு இல்ல! பாபா சொல்லிட்டாரு!"

முன்வரிசையில் நாலாம் மாடிக்காரர் ஒருவர் திரும்பிப் பார்த்து, இறைவனுக்கு நன்றியாக, "அல்ஹம்துலில்லாஹ்" என்றார்.