மூடியில் ஒட்டிய வளையம்

வஸ்லின் டப்பாவை மூடப் போகும்போதுதான் ஜவ்பர் அதைக் கண்டான். மூடியின் உட்பக்கத்தில், மிளகளவில் ஒரு கறுப்பு ரப்பர் வளையம், ஒன்றுமறியாததுபோல ஒட்டிக்கொண்டிருந்தது. நெஞ்சு பக்கென்றது. கார்ச் சில்லுகளின் காற்றைப் பார்க்கிற நாலு சென்சருக்கு நாலு வளையம். ஒன்று இங்கே கிடக்கிறதென்றால் ஒரு சில்லு வளையமில்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்தக் காரில் அவன் மனைவி பஸ்மியா தன்னந்தனியாகக் கந்தளாய்க்குப் போய்க்கொண்டிருக்கிறாள்.

பஸ்மியா கந்தளாய் ஆஸ்பத்திரியில் மருந்து கொடுப்பவள். அங்கே இடமாற்றம் வந்த நாளிலிருந்து பஸ்ஸில் நெரிபட்டு அலுத்துப்போய், லைசென்ஸ் எடுத்து, இன்றைக்குத்தான் முதன்முதலாகத் துணையில்லாமல் காரை எடுத்திருந்தாள். இந்த ஒரு நாளுக்காக அவள் வீட்டில் நடத்திய போராட்டம் கொஞ்சநஞ்சமல்ல. போன மாதம் ஜவ்பரே ஓட்டிப் போனபோது, தம்பலகாமம் சந்தி தாண்டிய காட்டுக்குள் டயர் வெடித்தது. ரோட்டோரத்தில் யானை ஒன்று காதை விசிறிக்கொண்டு நிற்க, இருவரும் மூச்சை அடக்கிக்கொண்டு காருக்குள் கிடந்தார்கள். அதற்குப் பிறகு அவளைத் தனியே விட அவனுக்கு மனமே வரவில்லை. விடமாட்டேன் என்று சொல்லவும் வாய் வரவில்லை. சொன்னால் வீடு இரண்டுபடும். அதனால்தான் காற்றுக் குறைந்தால் கத்துகிற சென்சர்களை வரவழைத்தான். வால்வின் மூடியைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் திருகவேண்டும், அவ்வளவுதான். முன் கண்ணாடிக்குக் கீழே வைக்கிற சின்னப் பெட்டி நாலு சில்லின் காற்றையும் இலக்கத்தில் காட்டும். சின்னப்பிள்ளைகூடப் பூட்டிவிடும்.

ஜவ்பர் சின்னப்பிள்ளை இல்லையே. துறைமுகத்தில் இழுவைப் படகின் எஞ்சின் அறையில் வெந்த மனிதன். அங்கே எந்தப் புதுச் சாமானையும் கழற்றித் துடைத்து, எண்ணெய் காட்டாமல் பூட்டமாட்டார்கள். அந்தப் பழக்கம் விடுமா? விடியச் சுபஹ் தொழுதுவிட்டு வந்து, முற்றத்தில் சாக்கை விரித்துக் குந்தி, ஒவ்வொரு சென்சரிலிருந்தும் ரப்பர் வளையத்தைக் கிண்டி எடுத்து, வஸ்லின் பூசி, திரும்ப வைத்துப் பூட்டினான். வேலியில் போன ஓணானைப் பிடித்து மடியில் விட்ட கதைதான். நல்ல காரியம் வலதில் தொடங்கவேண்டுமென்று, பிஸ்மி சொல்லி வலப்பக்கம் இரண்டையும் முடித்தான். பிறகு இடது முன்சில்லு. கடைசியாக இடது பின்சில்லில் கை வைத்தபோது, டியூட்டிக்கு நேரமாகுது என்று பஸ்மியா காரை ஸ்டார்ட் பண்ணிவிட்டாள். பதறிப்போய்ச் சென்சரை மட்டும் திருகிவிட்டான். ஆக, இடது பின்சில்லுதான். சந்தேகமே இல்லை.

அதைவிடக் கேவலம், பெட்டி முற்றத்திலேயே கத்தியது. புதுச் சாமான் பழகும் மட்டும் கத்தும், பட்டனை அமத்திப்போட்டு ஓடு என்று சொல்லி அனுப்பியவன் அவனேதான். போதாக்குறைக்குச் சத்தியங்கள் வேறு. ஓடும்போது போனைத் தொடக்கூடாது. காட்டுக்குள் என்ன நடந்தாலும் காரை நிப்பாட்டக்கூடாது. எல்லாவற்றுக்கும் அவள் தலையாட்டினாள். அவனுடைய புத்திமதிகளுக்கு அவள் வழக்கமாக ஆட்டுகிற தலைதான்.

போன் எடுத்தான். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. திரும்பவும் எடுத்தான். சத்தியத்தைக் காப்பாற்றுகிறாள் பாவி, இன்றைக்கென்று பார்த்துக் காப்பாற்றுகிறாள். வளையமில்லாத வால்வ் ஒரேயடியாகச் சீறாது, மெல்ல மெல்லத்தான் கசியும். கசிந்து முடிகிற இடம் எங்கேயாக இருக்கும்? போன மாதம் டயர் வெடித்த வளைவு, அங்கே நின்ற பாலைமரம், அந்த யானை எல்லாம் கண்ணுக்குள் வந்து நின்றன.

கட்டியிருந்த சாரத்தோடேயே மோட்டார் சைக்கிளில் ஏறினான். செருப்புப் போடவும் தோன்றவில்லை. உட்துறைமுகமும் சீனக்குடாச் சந்தியும் போனதே தெரியவில்லை. எதிரே வந்த லொறிக்காரன் ஏதோ ஏசிவிட்டுப் போனான். யா அல்லாஹ், காட்டுக்கு இந்தப் பக்கம் நிப்பாட்டிவிடு என்று வாய் முணுமுணுத்துக்கொண்டே இருந்தது.

தம்பலகாமம் சந்தியைத் தாண்டி, காடு தொடங்குமுன் கடைசியாக இருக்கிற தேத்தண்ணிக் கடைக்கு முன்னால் அவர்களுடைய வெள்ளைக் கார் நின்றது. அவனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பஸ்மியா அபாயாவைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு இடது பின்சில்லுக்குப் பக்கத்தில் குந்தியிருந்தாள். கடையில் கோப்பை கழுவுகிற சவர்க்கார நுரையை வாங்கிச் சென்சரின் மேல் வழித்து வைத்திருந்தாள். வீட்டில் காஸ் சிலிண்டர் மாற்றினால் அவள் செய்கிற அதே சோதனை. நுரைக்குள் ஒரு குமிழ் மெதுவாக ஊதிப் பெருத்து உடைந்தது. அடுத்தது கிளம்பியது. காலால் மிதிக்கிற பம்ப்பை டிக்கியிலிருந்து இறக்கிப் பக்கத்தில் வைத்திருந்தாள்.

அவனைக் கண்டு அவள் ஆச்சரியப்படவில்லை. சாரத்தையும் வெறுங்காலையும் ஒருமுறை பார்த்தாள்.

"பெட்டி விடாமக் கத்திச்சு," என்றாள். "அமத்தச் சொன்னீங்க. நான் அமத்தல்ல. காட்டுக்குள்ள போக முந்திப் பாப்பமெண்டு நிப்பாட்டினன்."

ஜவ்பர் உள்ளங்கையை விரித்தான். வியர்வையில் நனைந்து வளையம் கிடந்தது. அவள் சிரித்துவிடுவாளோ என்று பயந்தான். அவள் சிரிக்கவில்லை, அது இன்னும் சுட்டது. குந்தி உட்கார்ந்து சென்சரைக் கழற்றப் போனவனின் கையை மெல்ல விலக்கிவிட்டு, அவளே கழற்றினாள். பம்ப்பைக் கொழுவி மிதித்தாள். அவன் கையிலிருந்து வளையத்தை எடுத்து, நகத்தால் அழுத்தி உள்ளே வைத்து, திருகினாள். மறுபடி நுரை பூசினாள். இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். குமிழ் வரவில்லை. காருக்குள் பெட்டி நாலு இலக்கத்தையும் காட்டிக்கொண்டு சத்தமில்லாமல் இருந்தது.

"நான் பின்னால வாறன்," என்றான் ஜவ்பர். "காடு முடியிற மட்டும்தான்."

பஸ்மியா கையைத் துடைத்துக்கொண்டு ஏறிக் கதவைச் சாத்தினாள். கண்ணாடியை இறக்கினாள்.

"இண்டைக்கு நீங்க பின்னால வந்தா, நாளைக்கு நான் கார்த் திறப்பக் கேக்க மாட்டன். எண்டைக்கும் கேக்க மாட்டன்." குரலில் கோபமில்லை. "போய்ச் சேந்து கோல் எடுக்கிறன். அல்லாட காவல்."

கார் காட்டுப் பக்கம் திரும்பி, முதல் வளைவில் சிவப்பு விளக்கை ஒருமுறை காட்டிவிட்டு மறைந்தது. ஜவ்பர் மோட்டார் சைக்கிளை ஸ்டார்ட் பண்ணியிருந்தான். ஒரு கால் தரையில், ஒரு கால் கியரில். தேத்தண்ணி ஊத்தட்டா என்று கடைக்காரர் கேட்டார். அவன் வளைவையே பார்த்துக்கொண்டிருந்தான். விரல்களில் இன்னும் வஸ்லின் இருந்தது. முறுக்கப் பிடித்த கைப்பிடி வழுக்கி வழுக்கிப் போய்க்கொண்டிருந்தது.