தானாக விழுந்த சம்பளம்

லேத்காரன் போன வருஷம் வாங்கியது ஐந்து மாதச் சம்பளம். வீட்டுக் கம்ப்யூட்டர் மட்டும் பன்னிரண்டு என்று சொல்லிக்கொண்டிருந்தது.

ஆரம்பத்தில் அதில் திருட்டுத்தனம் ஒன்றுமில்லை. மாதாமாதம் சம்பளத்தைக் கையால் பதிய அலுத்துப்போய், கணக்கு மென்பொருளில் ஒன்றாம் தேதி அது தானாக விழும்படி வைத்திருந்தான். விழுந்த பிறகு ஓவர்டைமுக்குத் தக்கபடி தொகையைத் திருத்துவான். ஆலை அவனை வெளியே அனுப்பிய அடுத்த மாதமும் சம்பளம் விழுந்தது. மனைவி எட்டிப் பார்த்து, "வந்துடுச்சா?" என்றாள். "வந்துடுச்சு" என்றான். அந்த ஒரு சொல்லிலேயே எட்டு மாதத்தை ஓட்டிவிட்டான். செலவை மட்டும் காசு விடாமல் எழுதினான். வங்கியின் குறுஞ்செய்தி அவன் ஃபோனுக்குத்தான் வரும். காலை எட்டு மணிக்குச் சாப்பாட்டுப் பையோடு கிளம்பி, மாலை ஆறு மணிக்குத் திரும்பினான்.

இன்று ஞாயிறு. நேற்று ஏப்ரல் ஒன்று; வரிக்கான புது வருஷம் தொடங்கியிருந்தது. புதன்கிழமை மகளுக்கு முதுகெலும்பு ஆபரேஷன். பதினொரு வயது. வளைந்த எலும்பு நுரையீரலை நெருக்கத் தொடங்கியிருந்தது. நாளை மூன்று லட்சம் முன்பணம் கட்டியாக வேண்டும். மீதிக்கு வரி ரீஃபண்ட் எவ்வளவு வரும் என்று பார்க்கச் சொல்லி மனைவி மூன்று வாரமாகக் கேட்டாள். அவன் இன்று நாளை என்று இழுத்தடித்தான். பொறுத்துப் பார்த்துவிட்டு, ஆடிட்டர் ஆபீசில் குமாஸ்தாவாக இருக்கும் தன் தம்பியைக் கூப்பிட்டுவிட்டாள்.

"நகருங்க மாமா. லேத் கைப்பிடியப் பிடிக்கிற மாதிரி மவுஸைப் பிடிச்சிருக்கீங்க. வாயில்லாப் பூச்சி, செத்துடப் போவுது."

"நானே எடுத்துடுவேன் மச்சான்."

"நீங்க எடுக்கறதுக்குள்ள அடுத்த வருஷ வரியும் வந்து நிக்கும்" என்றாள் மனைவி.

தம்பி வருஷத்தைத் தேர்ந்து வரி அறிக்கையை ஓடவிட்டான். சம்பளம், பிடித்த வரி, மருத்துவச் செலவு என்று திரையில் வரிசையாக இறங்கியது.

"அக்கா, ரீஃபண்ட் நல்லாவே வரும் போலயே! ஆலை குடுத்த சம்பளச் சான்றிதழ் எங்க மாமா? ஒத்துப் பாக்கணும்."

"இன்னும் வரல."

அது சாப்பாட்டுப் பையின் அடியில் நாலாக மடிந்து கிடந்தது. ஐந்து மாதத்துக்கான சான்றிதழ்.

"சரி, இதுலயே பாப்போம்." தம்பி சம்பளம் என்ற இடத்தைத் தட்டினான். பன்னிரண்டு பதிவுகளும் விரிந்தன. மனைவி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தாள்.

"என்னடா இது, கடைசி ஏழும் ஒரே தொகை? நாப்பத்தோராயிரத்து எரநூத்தம்பது. இவருக்கு அடுத்தடுத்த மாசம் ஒரே சம்பளம் வந்ததே கெடையாதே."

"ஓவர்டைம் இல்ல" என்றான் லேத்காரன்.

"போனஸ் மாசத்துலயுமா?"

விழுந்ததை விட்டுவைத்தானே தவிர, அந்த ஏழில் ஒன்றைக்கூட அவன் திருத்தவில்லை. பொய்க்கு ஓவர்டைம் போட்டுப் பார்க்கக் கை கூசியிருந்தது. இப்போது அந்தக் கூச்சமே அவனைக் காட்டிக் கொடுத்தது.

"அக்கா, மொத அஞ்சுக்கும் பக்கத்துல டிக் இருக்கு. பேங்க் ஸ்டேட்மென்ட்டோட ஒத்துப் பாத்ததுன்னு அர்த்தம்." தம்பியின் குரலில் கிண்டல் போயிருந்தது. "மத்ததுக்கு இல்ல."

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவனுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

"வேலை போச்சா?"

"ம்."

"நீ எந்திரி" என்று தம்பியிடம் சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். ஒரு பதிவை அழித்தாள். நிச்சயமாக அழிக்கவா என்று மென்பொருள் கேட்டது. ஆம் என்றாள். அடுத்தது. மறுபடியும் கேட்டது. ஒவ்வொரு தடவையும் இருப்பு சரிந்தது. ஏழையும் முடித்து, நேற்று புது வருஷக் கணக்கில் விழுந்த எட்டாவதையும் தேடிப் பிடித்து அழித்தாள். மூன்று லட்சத்து முப்பத்தெட்டாயிரத்துச் சொச்சமாக இருந்தது, எட்டாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டில் வந்து நின்றது.

"இப்ப எடுடா ரிப்போர்ட்டை" என்றாள்.

தம்பி எடுத்தான். யாரும் அதைப் பார்க்கவில்லை. உள்ளறையில் மகள் புரண்டு படுக்க, முதுகை நிமிர்த்தக் கட்டியிருந்த பட்டை முனகியது.

மனைவி ஃபோனை எடுத்து ஆஸ்பத்திரி எண்ணை அழுத்தினாள். புதன்கிழமை வேண்டாம், தேதியைத் தள்ளி வையுங்கள் என்று சொல்ல வேண்டும். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கட் செய்துவிட்டு மறுபடி அழுத்தினாள்.

"ஞாயித்துக்கெழமை எடுக்க மாட்டாங்க" என்றான் லேத்காரன். "ரிஜிஸ்டர் மேசையில இருக்கற ஃபோன் அது. அந்தம்மா நாளைக்கு ஒன்பதரைக்குத்தான் வரும்."

அவள் ஃபோனைக் காதிலிருந்து எடுக்காமலே திரும்பிப் பார்த்தாள்.

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"தெனமும் பகல் பூரா அந்த மேசைக்கு எதிர்த்தாப்புலதான் உக்காந்திருப்பேன்" என்றான். "அங்க உக்காந்தா எதுக்கு வந்தேன்னு யாரும் கேக்க மாட்டாங்க."

மணி இன்னும் அடித்துக்கொண்டிருந்தது.